பட்டன் டப்பாவில் நாலு கண்ணி

ஜூன் 4, புதன்

ஜவுளிக்கடையில பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அஞ்சு மாசமா ஃப்ரிட்ஜ் மேல சும்மா கிடந்துச்சு. இன்னைக்குத் தெரபிக்குப் போன இடத்துல ரோகிணின்னு ஒரு பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், "அம்மா, தினமும் ரெண்டு கையையும் டேப் வெச்சு அளந்து எழுதிட்டு வாங்க. சரியா அளக்கத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. எங்கிட்டக் கேக்குது. இருபத்தாறு வருஷமா உறையூர்ல பாதிப் பொம்பளைங்க அளவு என் நோட்டுலதான் இருக்கு. கோமளா தையலகம்னா ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியும்.

என்னோட அளவு மட்டும் எந்த நோட்டுலயும் கிடையாது. எனக்கு நான் கண்ணளவுல வெட்டித் தெச்சுக்குவேன்.

இடது மணிக்கட்டு 17.4 சென்டிமீட்டர். வலது 15.1. ஏப்ரல்ல இடது பக்கம் மாரை எடுத்துட்டாங்க. அக்குள்ல இருந்த முடிச்சுங்களையும் சேர்த்து எடுத்ததால தண்ணி வடிய வழியில்லாம அந்தக் கை வீங்குதாம். வியாதிக்கு ஒரு பேர் இருக்கு. அதை இந்த டைரியில எழுத மாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இடது கைக்கு ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, வளையல் கூடாது, வாட்ச் கூடாது, குடம் தூக்கக் கூடாது. வேலைக்காகாத மாப்பிள்ளை மாதிரி அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கணும். எல்லாத்தையும் வலது கைதான் பார்க்கணும்.

வாட்சைக் கழட்டி அலமாரியில வெச்சேன். கல்யாணத்துக்கு எங்க அண்ணன் வாங்கித் தந்தது. டயல் ஒரு சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும். இருபத்தெட்டு வருஷம் கட்டியிருக்கேன், ஒரு நாளும் அதுல ஒழுங்கா மணி தெரிஞ்சது இல்ல. அதைக் கையில கட்டிக்கிட்டே கடையில வேலை பார்க்கற சகாயத்துக்கிட்ட "மணி என்னடி"ன்னு கேட்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூணாவது ஊசி. மூணு வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் ஆறு.

ஜூன் 15, ஞாயிறு

அஞ்சு நாளா எழுத முடியல. அளவு மட்டும் எங்க வீட்டுக்காரர் எடுத்து ஒரு சீட்டுல எழுதி வெச்சிருந்தார். தண்ணி வாரியத்துல பம்ப் ஆபரேட்டர் வேலை அவருக்கு. நாள் முழுக்க மீட்டர் பார்த்து நோட்டுல எழுதுற மனுசன், பேச்சு கம்மி. சீட்டுலகூட "இ 17.6 வ 14.9" அவ்வளவுதான்.

சகாயமேரி மிளகு ரசம் கொண்டாந்தா. பதினேழு வருஷமா எங்கிட்ட வேலை பார்க்கறவ. இப்ப கடையைத் தொறக்கறது, கட்டிங், காஜா, கஸ்டமர்கிட்டத் திட்டு வாங்கறது எல்லாம் அவதான். ரசம் எப்படி இருக்குன்னு கேட்டா. சுடுதண்ணி மாதிரி இருந்துச்சு, ஊசி போட்டதுலேர்ந்து எதுவும் நாக்குக்குத் தெரியல. "உப்பு கம்மிடி"ன்னு சொன்னேன். அப்பதான் அவளுக்கு நம்பிக்கை வரும், அக்கா பழையபடி இருக்கான்னு. அவ போனப்புறம் ஒரு பாடு அழுதேன். வருத்தத்துல இல்ல. இவளுக்கு நான் என்ன செஞ்சிருக்கேன்னு நினைச்சேன், ஒண்ணும் ஞாபகம் வரல.

ஜூன் 19, வியாழன்

ரோகிணி சொன்ன பயிற்சி: சுவத்துப் பக்கம் நின்னு, இடது கை விரலாலயே சுவத்துல ஏறணும். பல்லி மாதிரி. எட்டின இடத்துல தையல் சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கறேன். ஒரு தடவைக்கு பதினஞ்சு நிமிஷம், நாளைக்கு நாலு தடவை. நிமிஷம் பார்க்கணும்னா ஹால்ல இருக்கற கடிகாரத்தை எட்டிப் பார்க்கணும், அதுக்குள்ள கை இறங்கிடுது. பழைய வாட்சை வலது கையில கட்டிப் பார்த்தேன். வழக்கம்போல முள்ளே தெரியல.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம்"னார் அவர்.

"என்ன மாதிரி?"ன்னு கேட்டேன்.

"உனக்குப் பிடிச்ச மாதிரி."

எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியாது. ஊர்ல ஒவ்வொருத்திக்கும் கழுத்து எவ்வளவு இறக்கம் பிடிக்கும், கை எவ்வளவு நீளம் பிடிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்னைக்கு உடம்பு தேவலை. கடைக்குப் போனேன். மூணு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவை. சகாயம் என் ஸ்டூலைத் துடைச்சுப் போட்டா.

பேட்டர்ன் வெட்டற பிரவுன் பேப்பரை எடுத்து, காம்பஸ்ல வட்டம் போட்டு வெட்டினேன். 24 மில்லிமீட்டர், 26, 28, 30, 32, 34, 36, 40. துணியைத் தொடறதுக்கு முன்னாடி பேப்பர்ல வெட்டிப் பார்க்கறதுதானே நம்ம வழக்கம். ஒவ்வொண்ணா வலது மணிக்கட்டுல வெச்சு, கஸ்டமர் நிக்கிற பெரிய கண்ணாடியில பார்த்தேன். குனிஞ்சு கையைப் பார்த்தா எல்லாமே பெருசாத் தெரியும். கண்ணாடியில நின்னு முழு ஆளாப் பார்த்தாத்தான் நிஜம். பிளவுஸுக்கும் அப்படித்தான்.

24 பொட்டு மாதிரி இருந்துச்சு. 40 தோசைக்கல். 36 நல்லாத்தான் இருக்கு, ஆனா வாட்சுன்னா மேலயும் கீழயும் செயின் மாட்ட ரெண்டு ரெண்டு காது இருக்குமே, அதையும் சேர்த்து வெட்டி வெச்சா கையை விட்டு வெளியே போயிடுது. அங்கதான் புரிஞ்சுது. வட்டம் எவ்வளவுங்கறது அப்புறம். காதுக்குக் காது எவ்வளவு நீளம், அது மணிக்கட்டோட ஓரத்தைத் தாண்டுதா, அதுதான் முதல் கணக்கு. தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கினா எவ்வளவு நல்ல துணியா இருந்தாலும் இரவல் பிளவுஸ்தான்.

34 வெச்சேன். காது ஓரத்துக்குள்ள கச்சிதமா நின்னுச்சு. கண்ணாடியில ஒருத்தி நின்னா, தலையில மஃப்ளர் சுத்திக்கிட்டு, முகமெல்லாம் கறுத்து. ஆனா அந்தக் கை மட்டும் வேலை பார்க்கற ஆளோட கை மாதிரி இருந்துச்சு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

"அக்கா, அது ஆம்பளை சைஸு"ன்னா சகாயம்.

"பேப்பர்ல ஆம்பளை என்ன பொம்பளை என்ன"ன்னு சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டாந்து பீரோ கண்ணாடி ஓரத்துல சொருகி வெச்சேன்.

ஜூலை 1, செவ்வாய்

நாலாவது ஊசி. வலது கையில நரம்பு சிக்கல. மூணு தடவை குத்துனாங்க. நர்ஸ் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "விடும்மா, நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊசி குத்திக்கிட்டிருக்கேன்"னு நான்தான் சமாதானம் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

சும்மா உட்கார்ந்திருக்க முடியல. என் அளவு நோட்டைப் பிரிச்சு, சகாயத்துக்குப் புரியற மாதிரி புது நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். என் நோட்டுல எனக்கு மட்டும் புரியற குறிப்பா இருக்கு. டீச்சர் வீட்டம்மாவுக்கு வலது தோள் அரை இன்ச் இறக்கம், அதை அவங்ககிட்டச் சொல்லக் கூடாது, சத்தமில்லாம வெட்டிக் கொடுத்துடணும். பால்காரம்மா 36ன்னு சொல்லுவாங்க, 38 வெட்டணும். எல்லாருக்கும் உள்பக்கம் ஒரு இன்ச் துணி விட்டுத்தான் தைக்கணும், நாளைக்குச் சதை போட்டா பிரிச்சு விடலாம்.

"எதுக்குக்கா இப்ப இதெல்லாம்?"னு கேட்டா.

"பொழுது போகலடி"ன்னேன். அவ காஜா எடுக்கப் போயிட்டா.

இடது 17.1, வலது 14.6.

ஜூலை 13, ஞாயிறு

மக இளவேனில் வந்துட்டுப் போனா. ஓசூர்ல கம்பெனி வேலை. வந்த உடனே என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எங்க வலிக்குமோன்னு பயந்து கையை எடுத்துட்டா. "நல்லாப் பிடி, வலது பக்கம் கெட்டியாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். சிரிச்சா.

"ஃபுல் கை வெச்சு ஒரு பிளவுஸ் தெச்சுத் தரேன், கையை நீட்டு"ன்னு சொல்லி மணிக்கட்டை அளந்துக்கிட்டேன். 14.4. எனக்கும் அவளுக்கும் இப்ப கிட்டத்தட்ட ஒண்ணுதான். பேச்சுவாக்குல என்ன மாதிரி வாட்ச் பிடிக்கும்னும் கேட்டேன். "சின்னதா, தெரிஞ்சும் தெரியாம, வளையல் மாதிரி இருக்கணும்மா. ஆனா நான் போன்ல பார்த்துக்கறேன், எனக்கெதுக்கு"ன்னா.

அவ பஸ் ஏறினப்புறம் யோசிச்சேன். 26 போதும். 34 கொஞ்சம் அதிகப்படிதான். இந்த வயசுல எதுக்கு.

ஜூலை 22, செவ்வாய்

அஞ்சாவது.

ஜூலை 30, புதன்

26 வட்டத்தைத் திரும்பத் திரும்ப வெச்சுப் பார்த்தேன். மோசமில்ல. பார்க்கப் பார்க்கப் பழகிடும். சின்னதுதான் லட்சணம், செயின் மெல்லிசா இருந்தா யார் கைக்கும் எடுப்பா இருக்கும். முள் தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கிட்டாப் போச்சு.

பீரோ கண்ணாடியில சொருகியிருந்த 34 பேப்பரைக் காணோம். ஃபேன் காத்துல பறந்திருக்கும். போகட்டும்.

சுவத்துல இன்னைக்குப் பதினோராவது கோடு. ஜன்னல் மட்டத்துக்கு மேல ஏறிட்டேன். கீழ் வீட்டுக்காரங்க வந்து சுவத்தைப் பார்த்துட்டு, பேரப் பிள்ளை உயரமான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆறாவது. ஊசி முடிஞ்சுது. அந்த வார்டுல இருந்த ஆயாம்மா, பேர்கூடத் தெரியாது, நான் வாந்தி எடுத்தப்பல்லாம் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்க. இன்னைக்குக் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டேன். "இனிமே இங்க வராதே"ன்னு திட்டற மாதிரி சொல்லி அனுப்பினாங்க. அதை விட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்ல.

எடை நாப்பத்தொன்பது. வலது மணிக்கட்டு 14.2.

ஆகஸ்ட் 30, சனி

இதை விவரமா எழுதணும்.

சாயங்காலம் அவர் "வாட்ச் பார்த்துட்டு வரலாம்"னு கூப்பிட்டார். பெரிய கடை வீதியில நூர்தீன் பாய் கடை. அவர் சம்சாரத்துக்கு நான்தான் தைக்கறேன், அதனால பழக்கம். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாம முழிச்சுட்டு, "வாங்க தங்கச்சி, உட்காருங்க"ன்னு ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சார். எப்படி இருக்கீங்க, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கல. அந்த நாகரிகத்துக்கே அவருக்குப் புண்ணியம் சேரணும்.

"26ல லேடீஸ் செயின் வாட்ச் காட்டுங்க பாய்"ன்னேன்.

அவர் ஒரு தட்டு எடுத்து வெச்சார். நல்ல வாட்சுங்கதான். ஒண்ணை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு "இது போதும்"னு சொல்லிட்டேன்.

அப்ப இவர் சட்டைப் பையிலேர்ந்து ஐடி கார்டு உறையை எடுத்தார். அதுக்குள்ளேர்ந்து என் பிரவுன் பேப்பர் வட்டத்தை எடுத்துக் கண்ணாடி மேசை மேல வெச்சார். ரெண்டு பக்கமும் காது வெச்சு நான் வெட்டின அதே 34.

"இந்த அளவு காட்டுங்க பாய்."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "அது ஆம்பளை வாட்ச். யார் கேட்டா உங்களை?"ன்னேன்.

"பம்ப் ஹவுஸ்ல மீட்டர் சின்னதா இருந்தா தப்பா எழுதிடுவோம்"னார். அப்புறம் என்னைப் பார்க்காம, தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "இளவேனில் போன்ல சொல்லிச்சு. அம்மா மணிக்கட்டு அளந்தாங்கப்பா, என்ன மாதிரி வாட்ச் பிடிக்கும்னு கேட்டாங்கன்னு. அவளுக்கு வேணும்னா அவளுக்குத் தனியா ஒண்ணு வாங்கலாம். இது உனக்கு. நீ கட்டிக்கப் போற வாட்ச்."

இந்த மனுசன் ஒரு மாசமா அந்தப் பேப்பரை நெஞ்சுல வெச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வந்திருக்கார்.

எனக்கு அப்புறம் அவ கட்டிக்கட்டும்னுதான் 26. இப்ப எழுதிட்டேன். இதைத்தான் ஜூலைலேர்ந்து எழுதாம இருந்தேன். துணியில மிச்சம் விட்டு விட்டுத் தெச்ச கை, அடுத்து யார் போடுவாங்கன்னுதான் முதல்ல யோசிக்குது.

பாய் 34ல ஒண்ணு காட்டினார். வெள்ளை டயல், கறுப்பு எண், மெல்லிசா ஒரு சிவப்பு செகண்ட் முள், ஸ்டீல் செயின். கையில வெச்சுட்டுக் கடைக் கண்ணாடியில பார்த்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமலே மணி தெரிஞ்சுது. அஞ்சு நாப்பது.

செயின் தொளதொளன்னு முழங்கை வரைக்கும் ஓடுச்சு. "கண்ணி எடுத்துக் குறைக்கணும். நாலு எடுத்தா சரியா இருக்கும்"னார் பாய்.

"ரெண்டு எடுங்க. கொஞ்சம் விட்டு வைங்க"ன்னேன்.

"தங்கச்சி, இது பிளவுஸ் இல்ல. லூசா விட்டா டயல் புரண்டு எலும்புல இடிக்கும், உங்களுக்கு அது ஆகாது. இன்னைக்கு இருக்கற கைக்கு இன்னைக்கு அளவு. எடுத்த கண்ணியைப் பத்திரமா வெச்சுக்கங்க. வேணும்னா திரும்ப மாட்டிக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை."

நாலு கண்ணியையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பட்டன் டப்பாவுல போட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையிலேர்ந்து எழுபது தடவை மணி பார்த்திருப்பேன். பதினஞ்சு நிமிஷப் பயிற்சியை வாட்ச் பார்த்தே செஞ்சேன். இவ்வளவு நாளா பத்து நிமிஷம்தான் செஞ்சிருக்கேன்னு இப்பதான் தெரியுது.

செப்டம்பர் 8, திங்கள்

கரண்ட் வைக்கறது, ரேடியேஷன்னு சொல்றாங்களே அது, ஆரம்பம். இருபத்தஞ்சு நாள் வரணுமாம். உள்ள போறப்ப உலோகம் எதுவும் கூடாது. வாட்சைக் கழட்டி அவர்கிட்டக் கொடுத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

தினமும் இதே கதைதான். நான் உள்ள போவேன், அவர் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். வெளிய வந்து வாட்சை வாங்கிக் கட்டினா வெதுவெதுன்னு இருக்கும். சட்டைப் பையில வெச்சிருக்கார் போலன்னு நினைச்சேன். இன்னைக்கு மெஷின் ரிப்பேர், அஞ்சு நிமிஷத்துல வெளிய அனுப்பிட்டாங்க. பார்த்தா, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வாட்சை வெச்சு மூடிக்கிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கார். சாமி கும்பிடாத மனுசன்.

நான் திரும்ப உள்ள போய், கொஞ்ச நேரம் நின்னுட்டு, செருப்பைச் சத்தமாத் தேய்ச்சுக்கிட்டு வந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கரண்ட் முடிஞ்சுது. அடுத்த மாசம் ஸ்கேன். அது வரைக்கும் எதுவும் கேக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நானும் கேக்கல.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு ரெண்டு நாள். கடையில கால் வைக்க இடம் இல்ல. "நீங்க உட்காருங்கக்கா, ஆளைப் பார்த்தாப் போதும் கஸ்டமருக்கு"ன்னு சகாயம் சொன்னா. நான் கேக்கல. ஒரே ஒரு பிளவுஸ் வெட்டினேன். டீச்சர் வீட்டம்மாவோடது. இடது கை துணியைப் பிடிச்சுது, வலது கை கத்திரியை ஓட்டுச்சு. கோடு விலகல. வலது தோள் அரை இன்ச் இறக்கி வெட்டினேன்.

ஆறு மாசமா அத்தனை ஊசியையும் வாங்கிக்கிட்டு, நரம்பெல்லாம் கறுத்து, இன்னமும் எனக்காக வேலை செய்யற இந்த வலது கையை ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கிட்டேன். சகாயம் பார்த்துட்டா. பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டா.

நவம்பர் 14, வெள்ளி

ரிப்போர்ட் வந்துடுச்சு. ஒண்ணும் இல்ல. டாக்டர் ரெண்டு தடவை சொன்னார், ஒண்ணும் தெரியல, சுத்தமா இருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு. எங்க வீட்டுக்காரர் வெளிய வந்து டீக்கடையில நின்னு ரெண்டு வடை சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். உளுந்து வடை. உப்பு, மிளகு, எண்ணெய் வாசம் எல்லாம் தெரிஞ்சுது.

டிசம்பர் 9, செவ்வாய்

ரிப்போர்ட்டுக்கு அப்புறம் டேப்பையும் விட்டேன், டைரியையும் விட்டேன். கடை வேலை அப்படி.

இன்னைக்குக் குளிக்கப் போறப்ப வாட்சைக் கழட்டினா, மணிக்கட்டுல செயின் அச்சு ஆழமாப் பதிஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாளாவே இறுக்கமாத்தான் இருந்துச்சு. டேப்பை எடுத்தேன். வலது 15.6. வலது கை. வியாதி வர்றதுக்கு முன்னாடி நல்லா இருந்தப்ப எவ்வளவுன்னு பார்க்கலாம்னா, என் அளவுதான் எந்த நோட்டுலயும் இல்லையே.

டிசம்பர் 10, புதன்

15.6.

டிசம்பர் 11, வியாழன்

15.6. மூணு தடவை அளந்தேன்.

இடது கை வீங்கினதும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல வளையல் இறங்கல. இப்ப வலது கையும் போயிட்டா கத்திரியை எதுல பிடிக்கறது. ரிப்போர்ட்ல தப்பு இருக்குமோ. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஆபரேஷனுக்குப் போறப்பகூட இவ்வளவு பயப்படல. அப்ப எனக்குத் திரும்பக் கிடைச்சது எதுவும் கிடையாது, இழக்கறதுக்கு.

வாட்ச் கட்டாததை அவர் பார்த்துட்டார். பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு சொன்னேன். மேசை மேல இருந்த வாட்சை எடுத்துக் காதுல வெச்சார். சிவப்பு முள் ஓடிக்கிட்டே இருக்கு. திரும்ப வெச்சுட்டுப் போயிட்டார்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில பார்த்தா அவர் வேலைக்குப் போகாம, செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறார். "கிளம்பு"ன்னார். எங்கன்னு நானும் கேக்கல.

ரோகிணி வலது கையை வாங்கி, மணிக்கட்டுல கட்டை விரலை வெச்சு அழுத்திப் பிடிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா. முழங்கை வரைக்கும் அப்படியே அழுத்தி அழுத்திப் பார்த்தா. நான் அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம் "எடை மெஷின்ல ஏறுங்கம்மா"ன்னா.

அம்பத்தேழு.

"ஆகஸ்ட்ல எவ்வளவு இருந்தீங்க?"

"நாப்பத்தொன்பது."

"வீக்கமா இருந்தா அழுத்தின இடத்துல பள்ளம் விழும்மா. உங்களுக்கு விழல. இது சதை. நல்லாச் சாப்பிட்டிருக்கீங்க, அவ்வளவுதான்"னு சொல்லிச் சிரிச்சா.

நான் அந்த எடை மெஷின் மேலயே நின்னுக்கிட்டிருந்தேன். ஊர்ல அத்தனை பொம்பளைங்களும் சதை போட்டுட்டேன், பிரிச்சு விடுங்கக்கான்னு என் முன்னாடி வெக்கப்பட்டு நிக்கறப்ப, எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கேன். எனக்கு எட்டு கிலோ சதை வந்திருக்கு. மூணு நாள் அதை நோயின்னு நினைச்சுக்கிட்டு அழுதிருக்கேன். தையல்காரி நான். சதை போட்டா இறுக்கும்னு எனக்கே தோணல.

அவர் சுவத்துப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைச்சுக்கிட்டார். சளின்னார்.

டிசம்பர் 13, சனி

பட்டன் டப்பாவைக் கவுத்து, அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கிட்டு நூர்தீன் பாய் கடைக்குப் போனோம். பையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. முகமெல்லாம் சிரிப்பு. "எத்தனை தங்கச்சி?"ன்னார்.

"ரெண்டு."

கண்ணுல லென்சை மாட்டிக்கிட்டு, ஊசி மாதிரி இருக்கற கம்பியைத் தட்டி எடுத்து, ரெண்டு கண்ணியைச் சேர்த்தார். அஞ்சு நிமிஷம்தான். செயினுக்குள்ள என் சுண்டு விரல் நுழையற இடம். டயல் புரளல, எலும்புல இடிக்கல, காது ரெண்டும் ஓரத்துக்குள்ள இருக்கு. "எத்தனையோ பேருக்குக் கண்ணி எடுத்துக் கொடுத்திருக்கேன். திரும்ப மாட்ட யாரும் கொண்டாந்ததில்ல"ன்னு சொன்னார் பாய். டீ வரவழைச்சுக் கொடுத்தார்.

புது அளவு நோட்டுல, சகாயத்தோட நோட்டுல, முதல் பக்கத்துல என் பேரை எழுதினேன். கோமளவல்லி, வயசு அம்பத்தொண்ணு. வலது மணிக்கட்டு 15.6. மத்ததையும் எடுடின்னு டேப்பை அவ கையில கொடுத்தேன். இடது பக்கம் வந்தப்ப அவ கை நின்னுச்சு. "அளந்து எழுது, அதுவும் ஒரு அளவுதான்"னேன். எழுதினா.

டிசம்பர் 25, வியாழன்

சகாயம் வீட்டுக் கேக், பிரியாணி. ஒரு கை பார்த்தேன். உப்பு சரியா இருந்துச்சு. சரியா இருக்குன்னு அவகிட்டச் சொன்னேன். பதினேழு வருஷத்துல முதல் தடவைன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அப்பதான் கேட்டேன், ஏன்டி எனக்காக நீ இவ்வளவு செஞ்சேன்னு. "முத மாசம் நான் ஒரு பட்டுத் துணியைத் தப்பா வெட்டிட்டேன். நீங்க வெட்டினதாச் சொல்லி அந்தம்மாகிட்டத் திட்டு வாங்கினீங்க"ன்னா. எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல.

இளவேனிலும் லீவுல வந்திருக்கா. என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பெருசா இருக்கும்னு நினைச்சேன். உனக்கு இவ்வளவு நல்லா இருக்கேம்மா. குடு, நானும் கட்டிப் பார்க்கறேன்."

கழட்டிக் கொடுத்தேன். கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னா. அவளுக்குக் கொஞ்சம் லூசு.

"எனக்கே பிடிச்சுப் போச்சு. இதை எனக்குக் குடுத்துடேன்"னா.

அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்த கை நின்னுச்சு. என்னையே பார்த்தார்.

"தர மாட்டேன்"னு சொன்னேன். "வேணும்னா பாய் கடையில உனக்கு ஒண்ணு வாங்கிக்க. இது என்னோடது."

அவர் ரெண்டாவது தடவை பிரியாணி போட்டுக்கிட்டார். நானும் போட்டுக்கிட்டேன். பட்டன் டப்பாவுல இன்னும் ரெண்டு கண்ணி இருக்கு.